ஜன்னல் வேலை

உட்காருவது சுலபம், எழுந்திருப்பதுதான் கஷ்டம் என்று எங்கள் மேடம் முதல் நாளே சொல்லிவிட்டார். "உட்கார எந்த மடையனாலும் முடியும். எழுந்து போறப்பதான் குட்டு உடையும்," என்றார். எந்த மடையனாலும் என்று சொல்லும்போது அவர் பார்வை ஏன் என் மேல் வந்து நின்றது என்று தெரியவில்லை.

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். கால்வாய்ப் பக்கம் பழைய கிடங்குத் தெரு ஒன்று உண்டு. முப்பது வருடமாகப் பூட்டிக் கிடந்த தெரு. பூனைகூட அவசர வேலை இருந்தால்தான் அந்தப் பக்கம் போகும். நகர அலுவலகம் அதைத் துடைத்து, வெள்ளையடித்து, கம்பத்துக்குக் கம்பம் மஞ்சள் விளக்குச் சரம் இழுத்து, சுவரெல்லாம் ராட்சத மீன்களையும் இறக்கை முளைத்த பெண்களையும் வரையச் சொல்லி, 'இரவுத் தெரு' என்று பலகை நட்டது. ஐஸ் ஃபேக்டரி பாட்டு விடுதி ஆனது. கயிற்றுக் கிடங்கு ஓவியக்கூடம் ஆனது. இரும்புச் சாமான் கடை காபிக்கடை ஆனது. அதன் கதவுக்குக் கைப்பிடியாக ஒரு முழ நீள ஸ்பானரைப் பொருத்தியிருந்தார்கள். எல்லாம் ஆயிற்று. ஆட்கள்தான் வரவில்லை.

வராமலும் இல்லை. வந்தார்கள். ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தார்கள். யாருமில்லை என்று தெரிந்ததும், தப்பான வீட்டுக் கதவைத் தட்டிவிட்டவர்கள் மாதிரி நைசாக நகர்ந்துவிட்டார்கள். காலிக் கடைக்குள் முதல் ஆளாக நுழைய யாருக்கும் துணிச்சல் வராது. அந்த முதல் ஆளாக இருப்பதுதான் என் வேலை.

மேடம் ஒரு சின்ன ஏஜென்சி வைத்திருந்தார். சாயங்காலம் ஆறு மணிக்குப் போனில் செய்தி வரும்: எந்தக் கடை, எந்த மேசை, யாரோடு. ஜன்னலோரமாக உட்கார வேண்டும். கடைக்காரர் கொடுக்கும் கலர் தண்ணீரைப் பத்து நிமிடத்துக்கு ஒரு வாய் குடிக்க வேண்டும். எதிரில் இருப்பவரோடு பேசிக்கொண்டே இருக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை சிரிக்க வேண்டும். நிஜமான வாடிக்கையாளர் வந்து இடம் தேடி நின்றால் மூன்று நிமிடத்துக்குள் எழுந்துவிட வேண்டும். எழுவது என்றால் சும்மா எழுவது இல்லை. கடிகாரத்தைப் பார்த்து, முகத்தில் ஒரு 'அடடா' காட்டி, போக வேண்டிய இடம் ஒன்று இருப்பவன் மாதிரி விறுவிறுவென்று நடக்க வேண்டும். தெருமுனை வரைக்கும் அந்த நடை. முனையில் திரும்பினால் ஒரு குட்டிச்சுவர். அதில் சாய்ந்துகொண்டு அடுத்த செய்திக்குக் காத்திருக்கலாம். போக வேண்டிய இடம் அதுதான்.

பேர் கிடையாது, நம்பர்தான். போன் நம்பர் வாங்கக் கூடாது. வேலை நேரம் தவிர வெளியே சந்திக்கக் கூடாது. நாலு பேர் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டால் தினமும் வரும் கும்பல் என்று தெரிந்துபோகும் என்பது மேடத்தின் பயம். நான் பதினாலு.

இந்த வேலைக்கு எனக்குத் தகுதி உண்டு. இருபத்திரண்டு வருடம் சோபா கடையில் விற்பனையாளனாக இருந்தவன். வாடிக்கையாளர் உள்ளே நுழைந்ததும் நானே போய் ஒரு சோபாவில் உட்கார்ந்து, "ஆஹா" என்று கண்ணை மூடிவிடுவேன். அது என் பாணி. கடையை மூடிய அன்று முதலாளி, "உன்ன மாதிரி உட்கார ஆளே கிடையாதுப்பா," என்று கண்கலங்கினார். வீட்டில் அந்தத் திறமைக்கு மதிப்பு இல்லை. என் மனைவி பிரிந்துபோன காரணத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவளே எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். பாதி உண்மை, மீதி ரொம்ப உண்மை. அது நடந்து எட்டு வருடம் ஆகிறது. இப்போது ஒரு படுக்கையறை வீடு, நான், கடை மூடும்போது சம்பளத்தோடு கிடைத்த மூன்று பேர் உட்காரும் சோபா. எப்போதும் நடுவில்தான் உட்காருவேன். ஓரத்தில் உட்கார்ந்தால் மீதி இடம் கண்ணில் படும்.

முப்பத்தொன்றை நான் பார்த்தது மூன்றாவது நாள், ஐஸ் ஃபேக்டரியில். ஐம்பதைத் தொடும் பெண்மணி, மறைக்காத நரை, மடியில் ஒரு பழைய தோல் பை. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"புதுசா?"

"மூணாவது நாள்."

"என்ன பேசுவீங்க?"

"அதுதான் தெரியல. நேத்து ஒருத்தரோட வானிலை பேசினேன். பத்து நிமிஷத்துல வானமே தீர்ந்துபோச்சு."

"சொந்தக் கதைய மட்டும் எடுத்துடாதீங்க. போன வாரம் ஒருத்தர் எடுத்தார். அழுதுட்டார். ஜன்னலோரத்துல ஆம்பளை அழுதா எவன் உள்ள வருவான்?" என்றார் அவர். "வெளிய எதுவும் கேக்காது. முகம்தான் முக்கியம். இப்ப பாருங்க."

கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். கண்ணில் ஒரு கனிவு வந்து உட்கார்ந்தது. கொஞ்சம் முன்னால் சாய்ந்து, யாருக்கும் சொல்லாத ரகசியத்தை எனக்கு மட்டும் சொல்வது போல ஆரம்பித்தார்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. மாலை ஆறு இருபதுக்கு வர வேண்டிய வண்டி, நாற்பது நிமிடம் தாமதமாக, இரண்டாவது பிளாட்பாரத்துக்கு வந்து சேரும் என்று எதிர்பார்க்கப்படுகிறது."

சொல்லி முடித்து வெட்கத்தோடு தலையைக் குனிந்துகொண்டார். வெளியே நின்றிருந்த ஒரு ஜோடி எங்களைப் பார்த்துவிட்டு, ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு, சிரித்தபடி உள்ளே வந்துவிட்டது.

அவர் பத்தொன்பது வருடம் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். பிறகு மெஷின் வந்தது. "அதுக்கு எல்லாம் தெரியும். வருத்தப்பட மட்டும் தெரியாது," என்பார். "நான் சொன்னா ஒரு மணி நேரம் லேட்டுன்னாகூட 'பாவம், அந்தம்மா என்ன பண்ணும்'னு ஜனங்க போயிடுவாங்க. இப்ப மெஷினைப் போய் அடிக்கறாங்களாம்."

எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது வாய்ப்பாடு ஒன்றுதான். அதனால் அவர் ரயில் விட்டார், நான் பெருக்கினேன். போகப் போக அதில் எங்களுக்கு ஒரு பாஷை உண்டாகிவிட்டது. அஞ்சாம் வாய்ப்பாடு சமாதானம். ஒன்பதாம் வாய்ப்பாடு ஊர்வம்பு. பதினேழு சண்டைக்கு. சண்டைக்கென்றே அமைந்த வாய்ப்பாடு அது. வாயில் ஒன்றும் சுலபமாக வராது.

"பதினேழு மூணு ஐம்பத்தொண்ணு!" என்று மேசையைத் தட்டுவேன்.

"அந்த வண்டி ரத்து செய்யப்பட்டது," என்பார் மூக்கு விடைக்க.

"பதினேழு நாலு அறுபத்தெட்டு! இதுக்கு என்ன சொல்றீங்க?"

"அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்!"

பக்கத்து மேசையில் கலர் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் எங்கள் ஆட்களுக்கே ஒரு நிமிடம் முகம் வாடிவிடும்.

கடைசியாக ஒரு வண்டியைச் சொல்லுவார். அதை மட்டும் நடிக்காமல், சாதாரணக் குரலில் சொல்லுவார். "ஒன்பது நாற்பது. மூணாவது பிளாட்பாரம். அது என் வண்டி." முக்கால் மணி நேரத் தூரத்தில் ஏதோ சின்ன ஊர். ஊர்ப் பேர் சொன்னதில்லை. வண்டிகளுக்கு நடுவே சில நாள் நிஜம் ஒன்றிரண்டு நழுவி விழும். அப்படி விழுந்ததுதான் இது: "மேல் மாடியில தம்பி குடும்பம். கீழ நான். வேளா வேளைக்குச் சாப்பாடு மேலேர்ந்து இறங்கும், பாத்திரம் கீழேர்ந்து ஏறும். ஆளுங்கதான் ஏறவும் மாட்டாங்க, இறங்கவும் மாட்டாங்க." சொல்லிவிட்டு உடனே கடிகாரத்தைப் பார்த்து, "சிரிக்கணும், அஞ்சு நிமிஷம் ஆச்சு," என்றார். சிரித்தோம்.

அப்படிச் சிரித்த ஒரு சிரிப்பு பேப்பரில் வந்துவிட்டது. நகரத்துக்கு மறுபடி உயிர் வருகிறது என்று அரைப் பக்கக் கட்டுரை. நடுவில் ஐஸ் ஃபேக்டரி ஜன்னல். ஜன்னலில் நாங்கள் இருவரும். காலை ஏழு மணிக்கே வெளியூரிலிருந்து தங்கை போன் பண்ணிவிட்டாள்.

"அண்ணா, பேப்பர்ல உன் போட்டோ!"

"எந்தக் கேஸ்ல?"

"சும்மா இரு. யாரு அந்த அம்மா?"

"தெரிஞ்சவங்க."

"தெரிஞ்சவங்கன்னா பேர் இருக்கும்ல?"

"இருக்கும்."

"இருக்குமா? அடப்பாவி, பேரே தெரியாமலா இந்தச் சிரிப்பு? உன் கல்யாண ஆல்பத்துலகூட உதட்டைத் திறக்கலையே நீ! இவர் பாத்துட்டு, 'உங்கண்ணனுக்குப் பல்லு இருக்கா'ன்னு கேக்கறார்."

"உன் வீட்டுக்காரருக்குச் சொல்லு, வாடகைக்கு எடுத்ததுன்னு."

அவள் சிரித்தாள். பிறகு, "அண்ணா," என்றாள், வேறு குரலில். "நீ சனி ஞாயிறு எல்லாம் தனியாதான் சாப்பிடறியா இன்னும்?"

"வீட்டுல மூணு பேர் உட்கார இடமிருக்குடி," என்று பேச்சை மாற்றினேன்.

என் வேலை என்ன என்று அவளுக்குத் தெரியாது. சோபா கடைக்குப் பிறகு 'விருந்தோம்பல் துறை' என்று சொல்லி வைத்திருந்தேன். அந்தச் சிரிப்பு ஐந்து நிமிடக் கணக்கில் வந்தது என்று அவளிடம் எப்படிச் சொல்வது? அதோடு, ஐந்து நிமிடக் கணக்கில்தான் வந்ததா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. படத்தை வெட்டி சோபாவுக்கு எதிர்ச் சுவரில் ஒட்டினேன். அன்றைக்கு ராத்திரி சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அவ்வளவு மோசமாக இல்லை.

பேப்பரில் வந்ததுதான் வினையாகப் போயிற்று. தெரு நிறைய ஆரம்பித்தது. முதலில் வெள்ளிக்கிழமை மட்டும், பிறகு சனி, பிறகு செவ்வாய்க்கிழமைகூட. ஓவியக்கூட வாசலில் வரிசை. ஸ்பானர் கைப்பிடியைப் பிடித்துப் படம் எடுத்துக்கொள்ளத் தனி வரிசை. முன்னெல்லாம் ஒரு மேசையில் ஒன்றரை மணி நேரம் உட்காருவோம். அது நாற்பது நிமிடமானது, இருபதானது. ஒரு நாள் நாற்காலியை இழுத்ததும் பின்னால் ஆள் நின்றது. உட்காராமலே 'அடடா' காட்டிவிட்டு நடந்தோம். முப்பத்தொன்று சொல்ல ஆரம்பித்த வண்டி பிளாட்பாரத்துக்கு வரவே இல்லை.

மேடம் ஒரு புதன்கிழமை எல்லாரையும் குட்டிச்சுவர் பக்கம் கூப்பிட்டார். "வெள்ளியோட முடிஞ்சுது. நீங்க எல்லாரும் ஜெயிச்சுட்டீங்க," என்றார்.

"தோத்திருந்தா வேலை இருந்திருக்குமா மேடம்?" என்று கேட்டது நாற்பது. பழைய தபால்காரர்.

"இருந்திருக்கும்," என்றார் மேடம். பொய் சொல்லத் தெரியாத மனுஷி.

எனக்கு வேலை போனது பெரிதில்லை. வேலை போவதில் எனக்கு முன்னனுபவம் உண்டு. ஆனால் வெள்ளிக்கிழமைக்குப் பிறகு முப்பத்தொன்றை நான் எங்கே பார்ப்பேன்? பேர் தெரியாது, ஊர் தெரியாது, நம்பர் என்று தெரிந்தது முப்பத்தொன்று மட்டும். அதுவும் வெள்ளியோடு காலாவதி. எட்டு மாதமாக என்னோடு தினமும் சண்டை போட்டுச் சமாதானமான ஒரே ஜீவன்.

இரண்டு நாள் உட்கார்ந்து ஒரு வாக்கியம் தயார் பண்ணினேன். வெள்ளிக்கிழமை எங்களுக்கு ஐஸ் ஃபேக்டரி, அதே ஜன்னல். எட்டாவது நிமிடம் ஆள் வந்து நின்றுவிட்டது. மிச்சம் மூன்று நிமிடம். தயார் பண்ணிய வாக்கியம் தலையும் வாலும் இல்லாமல் நடுவிலிருந்து வந்தது.

"ஞாயித்துக்கிழமை வரீங்களா?"

"எங்க?"

"இங்கதான். இதே மேசை. நிஜ ஆளுங்களா, காசு குடுத்து. ஏழரைக்கு."

அவர் முகத்தில் ஒன்றும் வரவில்லை. எட்டு மாதத்தில் அந்த முகத்தில் ஒன்றும் வராமல் நான் பார்த்ததில்லை. பயந்துவிட்டேன்.

"கலர் தண்ணி கிடையாதா?"

"கிடையாது."

"அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை சிரிக்கணுமா?"

"வந்தா சிரிக்கலாம். கட்டாயம் இல்ல."

பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். கடிகாரத்தைப் பார்த்தார், 'அடடா' காட்டினார், அதற்கு நடுவில் வாயை அசைக்காமல் சொன்னார்: "ஞாயித்துக்கிழமை உங்க பேர் கேப்பேன். இப்ப டியூட்டி." போன் நம்பரையும் கேட்டுவிடலாம் என்று குட்டிச்சுவர் வரை பின்னாலேயே போனேன். அங்கே மேடம் நின்றுகொண்டிருந்தார், எல்லாருக்கும் கைகொடுத்தபடி. கடைசி நாளில் விதியை மீறி அவரை வருத்தப்பட வைக்க மனம் வரவில்லை. நல்ல பிள்ளையாக இருந்தே கெட்டுப்போனவன் நான்.

ஞாயிறன்று, போட்டோவில் இருந்த அம்மாவைப் பார்க்கப் போகிறேன் என்று தங்கையிடம் மட்டும் சொல்லிவிட்டு, ஆறரைக்கே போய்விட்டேன். வாசல் காவலுக்கு நிற்பவரை எல்லாரும் தாடி என்போம். இடுப்பு வரை இல்லை என்றாலும் பொத்தான் இரண்டை மறைக்கும்.

"என்ன சார், இன்னிக்கும் டியூட்டியா?"

"இல்ல தாடி. கஸ்டமர்."

"கஸ்டமரா!" தாடி குலுங்கியது. "அப்ப போய் வரிசையில நில்லுங்க."

வரிசையில் நின்றேன். என்னால் உண்டான வரிசை என்று ஒரு பெருமை. அதிலேயே நானும் நிற்கிறேனே என்று ஒரு எரிச்சல். ஏழு மணிக்கு உள்ளே விட்டார்கள். அந்த மேசைதான் வேண்டும் என்று பரிசாரகப் பெண்ணிடம் கெஞ்சி வாங்கினேன். நிஜமான பானம் வந்தது. குடித்துப் பார்த்தேன். கலர் தண்ணீரே தேவலாம்.

ஜன்னலோரத்தில் அதுவரை நான் தனியாக உட்கார்ந்ததில்லை. எதிர் நாற்காலியில் என் கோட்டைப் போட்டு வைத்தேன். மேடையில் ஒரு பெண் அக்கார்டியனை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி வாசித்தாள். எல்லா மேசையிலும் ஆட்கள், எல்லாரும் பேசினார்கள், யாரும் வாய்ப்பாடு சொல்லவில்லை. ஏழரை ஆயிற்று. ஏழே முக்கால். கண்ணாடியில் தெருவும் தெரிந்தது, நானும் தெரிந்தேன். வெளியே போகிறவர்கள் என்னைப் பார்த்தார்கள். என்னைப் பார்த்து யாரும் உள்ளே வந்திருக்க மாட்டார்கள்.

ஏழு நாற்பத்தெட்டு இருக்கும். ஒரு இளம் ஜோடி உள்ளே வந்து நின்றது. அந்தப் பெண் எக்கி எக்கி இடம் தேடினாள். பையன் என் மேசையைப் பார்த்தான், கோட்டு போட்ட நாற்காலியைப் பார்த்தான்.

என் கால்கள் எழுந்தன.

இதில் மூளைக்குச் சம்பந்தமே இல்லை என்று சத்தியம் செய்கிறேன். கை கோட்டை எடுத்தது. கண் கடிகாரத்தைப் பார்த்தது. முகம் 'அடடா' காட்டியது. "தேங்க்ஸ் அங்கிள்," என்றாள் அந்தப் பெண். பெருந்தன்மையாகத் தலையசைத்துவிட்டு, தாடிக்கு ஒரு கும்பிடு போட்டு, விளக்குச் சரங்களுக்குக் கீழே விறுவிறுவென்று நடந்தேன். அருமையான நடை. மேடம் பார்த்திருந்தால் கைதட்டியிருப்பார். முனையில் திரும்பிக் குட்டிச்சுவரில் சாய்ந்தேன். போனை எடுத்து அடுத்த செய்தி வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தேன். ஒரு ஏழெட்டு நிமிடம், எதிர்ச் சுவரில் இருந்த ராட்சத மீனின் செதிலை எண்ணியபடி, நிம்மதியாக நின்றேன்.

மீன் என்னைப் பார்த்தது. அப்புறம்தான் உறைத்தது.

ஓடினேன். வரிசையில் இப்போது நாற்பது பேர். ஜன்னலில் அந்த ஜோடி, ஒரே கிளாஸில் இரண்டு குழல் போட்டு.

"தாடி! யாராவது..."

"வந்தாங்களே சார், நரைச்ச தலை, தோல் பை. வாசல்ல நின்னு ஜன்னலைப் பாத்தாங்க. 'எங்கூட உட்கார்றவர் வரலையா'ன்னு கேட்டாங்க. வந்துட்டு இப்பதான் கிளம்பிப் போனார்னு சொன்னேன்."

"அப்படியேவா சொன்னே?"

"அதானே சார் நடந்தது?"

"அப்புறம்?"

"போயிட்டாங்க. ஸ்டேஷன் பக்கமா."

"எப்படிப் போனாங்க?"

தாடி யோசித்தார். "நல்லா வேகமா. ஏதோ முக்கியமான வேலை இருக்கற மாதிரி."

அது எந்த நடை என்று எனக்குத் தெரியும்.

மணி எட்டு நாலு. எட்டு மாதமாகக் காதில் விழுந்த வண்டிகளை எல்லாம் மனதில் ஓட்டினேன். ஒன்பது நாற்பது வரை அவர் ஏன் காத்திருக்கப் போகிறார்? ஞாயிறு மட்டும் ஒன்று உண்டே. மன்னிப்புக் கேட்கிற மாதிரி புருவத்தைத் தூக்கிச் சொல்வாரே... எட்டு இருபத்தைந்து, ஒன்றாவது பிளாட்பாரம். வழியில் எங்கும் ஏறிக்கொள்ள ஒன்றும் கிடைக்கவில்லை. உயிர் பெற்ற நகரத்தில் எல்லா வண்டியிலும் ஆட்கள் இருந்தார்கள். இருபத்திரண்டு வருடம் சோபாவிலும் எட்டு மாதம் நாற்காலியிலும் வளர்த்த உடம்பு அது. ஓவியக்கூடம், பாலம், பூட்டிய பள்ளிக்கூடம் என்று எல்லாம் என்னைவிட வேகமாகப் பின்னால் போவதாக நினைத்துக்கொண்டு ஓடினேன்.

பிளாட்பாரத்தில் நுழையும்போது வண்டியின் கதவுகள் மூடிவிட்டன. மெஷின் குரல் அன்றைய தாமதங்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தது: ஏழு பத்துக்கு வர வேண்டிய வண்டி இருபத்தைந்து நிமிடம் தாமதமாக வந்ததாம். அதில்தான் அவர் வந்திருக்க வேண்டும். குரலில் வருத்தம் கொஞ்சம்கூட இல்லை.

மூன்றாவது பெட்டியில் ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தார். மடியில் பை. கண்ணாடியைத் தட்டினேன். திரும்பினார்.

நான் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்ப்பது அதுதான் முதல் தடவை. உள்ளே இருக்கிற முகம் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது, எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. முகத்தில் ஒன்றும் இல்லை. கண் மட்டும் சிவந்திருந்தது. கையைக் காட்டி, எழுந்து போன கதையைச் சொல்ல முயன்றேன். உட்கார்ந்து காட்டினேன், எழுந்து காட்டினேன், கடிகாரத்தைப் பார்த்து 'அடடா' காட்டினேன். ஒரு சுமைக்காரர் நின்று என்னைப் பார்த்துவிட்டுப் போனார்.

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். 'அடடா' வந்த இடத்தில் அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். முன்னால் சாய்ந்தார். புருவம் சேர்ந்தது, மூக்கு விடைத்தது, உதடு அசைந்தது. ஒன்றும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை. அந்த உதட்டசைவை நான் கண்ணாடியில் எட்டு மாதம் என் முகத்திலேயே பார்த்திருக்கிறேன்.

பதினேழு ஒண்ணு பதினேழு. பதினேழு ரெண்டு முப்பத்திநாலு. பதினேழு மூணு என்று சொல்லும்போது ஜன்னல் கட்டையை ஓங்கித் தட்டினார். பக்கத்தில் இருந்தவர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

நான் கன்னத்தில் கை வைத்துக்கொண்டேன். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு," என்றேன். "ஏழரைக்கு உட்கார்ந்திருக்க வேண்டிய மடையன், ஐம்பத்தைந்து நிமிடம் தாமதமாக, ஒன்றாவது பிளாட்பாரத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறான். அசௌகரியத்துக்கு வருந்துகிறோம். ரொம்ப வருந்துகிறோம்."

வண்டி நகர்ந்தது. பதினேழு ஆறு நூற்றிரண்டு வரை தெரிந்தது. அதற்குப் பிறகு பிளாட்பார விளக்கு கண்ணாடியில் விழுந்து, முகம் மறைந்து, வெளிச்சம் மட்டும் நகர்ந்து போனது. கடைசியில் அவர் சிரித்தாரா, அல்லது ஏழாவதுக்கு வாயைத் திறந்தாரா, தெரியவில்லை. மீதி நாலையும் நான் பிளாட்பாரத்தில் நின்று சொல்லி முடித்தேன். பாதியில் விடுவது நன்றாக இல்லை.

பிறகு பாலம் ஏறி இரண்டாவது பிளாட்பாரத்துக்குப் போய், ஒரு பெஞ்சின் நடுவில் உட்கார்ந்தேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்ப வேண்டும் என்று அவருக்குத் தோன்றினால் ஒன்பது ஐந்து வண்டி இருக்கிறது. அதில் இல்லையென்றால் பத்தேகால் வண்டி. அதிலும் இல்லையென்றால் நாளைக்குக் காலையில் ஆறு மணியிலிருந்து ஏழு வண்டிகள், எல்லாம் எனக்கு மனப்பாடம். தோன்றுமா என்பது எந்த அட்டவணையிலும் இல்லை.

தங்கை போன் பண்ணினாள். "எப்படிண்ணா போச்சு? வந்தாங்களா?"

"வந்தாங்க. திட்டிட்டுப் போயிட்டாங்க."

"முத நாளேவா?"

"முத நாளேதான்."

"பேர் கேட்டியா?"

"இல்ல."

"எதுக்குத்தான் போனே நீ?" என்றாள். பிறகு, "நல்லாத் திட்டினாங்களா, சும்மா திட்டினாங்களா?"

"ஜன்னல் கட்டையத் தட்டித் திட்டினாங்க."

"அப்ப சரி," என்றாள் தங்கை. "வேண்டாதவங்களை யாரு அவ்வளவு மெனக்கெட்டுத் திட்டறாங்க. சாப்பிட்டியா?"

இல்லை என்றால் விடமாட்டாள் என்று ஆமாம் என்றேன்.

எட்டு ஐம்பதுக்கு ஒரு அம்மா இரண்டு பெரிய பெட்டிகளை இழுத்துக்கொண்டு வந்தார். மற்ற பெஞ்சுகளில் இடமில்லை. என் பெஞ்சுக்கு முன்னால் நின்று அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தார். என் முட்டிகள் விறைத்தன. இடது கை தானாகக் கடிகாரத்தைத் திருப்பியது. கோட்டுப் பையைப் பிடித்துக்கொண்டேன், பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன், எட்டு மாதப் பயிற்சி அத்தனையும் என்னை மேலே தூக்கப் பார்த்தது. கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு ஓரத்துக்கு நகர்ந்துகொண்டேன்.

"உட்காருங்க," என்றேன்.

அவர் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். "நீங்க கிளம்பணுமோன்னு நினைச்சேன். முகத்தைப் பாத்தா ஏதோ அவசரம் மாதிரி இருந்துது."

"இல்லீங்க. பழக்கதோஷம்."

"யாராவது வராங்களா?"

மேலே மெஷின் தொண்டையைச் செருமாமல் ஆரம்பித்தது. ஒன்பது ஐந்து வண்டி இருபது நிமிடம் தாமதமாம். வருந்தவில்லை. அந்த அம்மா உச்சுக்கொட்டினார்.

"வரலாம்," என்றேன். பெஞ்சில் எங்கள் இருவருக்கும் நடுவில் இன்னும் ஒரு ஆள் இடம் இருந்தது. அதில் கோட்டைப் போட்டு வைத்தேன்.